குளிர் பொறுக்காத உயிர்

அக்டோபர் 9, காலை 7.40. நம்லுங் முகாம், கிழக்கு லடாக்

வெளியே மைனஸ் பதினொன்று. மூன்றாம் ஊற்றில் எண்பத்தொரு டிகிரி. காற்று இல்லை. வழக்கமான நாள்.

காதோரம் மாட்டியிருக்கும் இந்தக் கருவி நான் பேசினால் எழுதிக்கொள்ளும். கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ரேடியோவோடு இணைந்திருப்பதால் அதில் வருவதையும் பக்கத்தில் யாராவது பேசுவதையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருபவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நான் இசக்கியம்மாள். ஊர் அம்பாசமுத்திரம். சூட்டில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சி என் தொழில். கையை விட்டால் தோல் கழன்று வரும் தண்ணீரில் அவை குடித்தனம் நடத்துகின்றன. ஊற்றைச் சுற்றிப் பச்சையும் ஆரஞ்சுமாகப் படிந்திருக்கும் வழுவழுப்பு முழுக்க அவைதான். கொதியிலும் கெடாத அவற்றின் நொதிகளுக்கு மருந்து ஆலைகளில் தேவை இருக்கிறது. இந்த வருடம் ஊற்றுக்கு அடியிலும் துளை போட்டுப் பார்க்கிறோம்.

முகாமில் மூன்று பேர். துளை போடுபவர் குலாம் தஸ்தகீர் அண்ணன். கீழக்கரைக்காரர், வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டி முடி நரைத்தவர். பத்மா ஆங்மோ நுப்ரா பள்ளத்தாக்குப் பெண். நர்ஸ். ஜீப் ஓட்டுவது, ஜெனரேட்டரைச் சரிசெய்வது, எங்கள் இருவரையும் நேரத்துக்குச் சாப்பிட வைப்பது எல்லாம் அவள்தான். எனக்கும் அவளுக்கும் இந்தி. அக்கா என்பதற்கு என்னைத் தீதி என்பாள். அண்ணன் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். இதுவரை அவள் கற்ற எதையும் இங்கே பதிய முடியாது.

இந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்தைந்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. குக்கர் வாஷர் நேற்று போய்விட்டது. இன்றைக்குப் பெரிய பிரச்சினை அதுதான்.

"அரிசி பல்லுல கல்லு மாதிரி நிக்கிது தங்கச்சி. இதப் பத்தி ஒரு பேப்பர் எழுதுங்க."

அண்ணன்தான். பின்னணியில்.

அக்டோபர் 12, மதியம் 2.15

முன்னூறு மீட்டர் ஆழத்திலிருந்து கருஞ்சிவப்பு வண்டல் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் குச்சி வடிவ உயிரி ஒன்று, நெருக்கியடித்துக்கொண்டு. இதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் விசித்திரமாக இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் வளர்த்தேன். சூடேற்றும் பெட்டியை அணைத்த பிறகும் குழாய் ஆறவில்லை. மேசைமேல் எடுத்து வைத்தேன். நாற்பத்தாறு டிகிரியில் அப்படியே நிற்கிறது. மற்ற உயிரிகள் சூடு இருக்கும் இடம் தேடி வாழ்கின்றன. இது தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

குழாயை ஆங்மோவின் கையில் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "தீதி, இதை எனக்கே கொடுத்துடுங்க. ராத்திரி காலடியில வச்சிக்கிறேன்" என்றாள்.

நானும் சிரித்தேன். பிறகு குழாயை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 15, முற்பகல் 11.50

விபத்து.

துளையிலிருந்து ஆவி பீறிட்டது. முதலில் தரை அதிர்ந்தது. இரும்புத் தண்டுகள் ஒவ்வொன்றாக ஈட்டி போல் மேலே பறந்தன. ஒன்று ஜீப்பின் முகப்பைத் துளைத்து எஞ்சினில் நிற்கிறது. துளைக் கோபுரம் நடுவில் மடிந்து விழுந்தது. நான் அதற்கு நேர் கீழே நின்றிருந்தேன். அண்ணன் ஓடிவந்து தோளால் மோதி என்னைத் தள்ளிவிட்டார். எனக்கு வந்த கொதிவண்டல் அவர் முகத்திலும் நெஞ்சிலும் விழுந்தது. வாய்க்குள்ளும் போயிருக்கிறது.

இடது கன்னத்தில் தோல் தொங்குகிறது. ஆங்மோ மார்ஃபின் போட்டுக் கட்டுப் போட்டிருக்கிறாள்.

அடிவார ராணுவ முகாமிலிருந்து ரேடியோவில் ஹவில்தார் எட்வின், மார்த்தாண்டத்துக்காரர்.

"மேடம், கணவாய்ல காத்து பயங்கரமா அடிக்கி. ஹெலிகாப்டர் ஏற முடியாது. நாலஞ்சு நாளு தாங்குவாரா அவரு?"

"தாங்கணும் எட்வின்."

"தாங்குவாரு மேடம். கீழக்கரை ஆளுல்லா. கடல்ல உப்பு போட்டு வளத்த ஒடம்பு."

அதைக் கேட்டு அண்ணன் கட்டுக்குள்ளிருந்து சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது என்று திட்டினார்.

அக்டோபர் 16, மாலை 4.30

கட்டைப் பிரித்தோம். கொப்புளம் இல்லை, சீழ் இல்லை. நேற்று தோல் தொங்கிய இடத்தில் புதுத்தோல் மெழுகு போல மினுங்குகிறது.

காய்ச்சல் காலையில் நாற்பத்தொன்று. இப்போது நாற்பத்திரண்டரை. இந்தச் சூட்டில் மனிதன் நினைவு தப்பிக் கிடக்க வேண்டும். இவர் கேரம் ஆடுகிறார். ஆங்மோவை இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டார்.

இரத்தம் எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்புக் குச்சிகள். வண்டலில் இருந்த அதே உயிரி. கையிலிருந்த எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் அவர் இரத்தத்தில் சோதித்தேன். எதற்கும் அசையவில்லை.

சூடு ஏறினால் நம் உடம்பின் புரதம் முட்டை வெந்தது போல இறுகிவிடும். அதைத் தடுக்கும் ஏதோ ஒன்றை இந்த உயிரி அவருக்குள் சுரக்கிறது. குடியிருக்கும் வீடு இடிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

"குளுருது தங்கச்சி" என்கிறார். நான்கு கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிறது. புகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். புகாரி என்பது இங்கே அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் தகரம் கனன்று சிவந்திருக்கிறது.

அக்டோபர் 17, பிற்பகல் 3.20

முதலில் வாடை வந்தது. கறி தீய்ந்த வாடை. ஆங்மோ சமையல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அண்ணன் புகாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் தகரத்தில் ஒட்டியிருந்தன. நெஞ்சுச் சட்டை புகைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி, கன்னத்தை அதில் சாய்த்து, தாய் மடியில் கிடக்கும் குழந்தை போல.

"இப்பத்தான் தங்கச்சி சுகமா இருக்கு."

ஆங்மோ அவரைப் பின்னாலிருந்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் தகரத்திலேயே தங்கிவிட்டது. அவர் திரும்பி ஒரே அடி அடித்தார். ஆங்மோ சுவரில் போய் மோதினாள். வலது கை முழங்கைக்கு மேல் உடைந்துவிட்டது. சத்தம் எனக்குக் கேட்டது.

அதைப் பார்த்ததும் அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதார். "நான் அடிக்கல புள்ள. குளுருதும்மா. யாரோ என்னய குளுருக்குள்ள இழுத்தாங்க, அதான்." என் மகள் வயசு, என் மகள் வயசு என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அழும்போது கண்ணீர் கன்னத்திலேயே ஆவியாவதைப் பார்த்தேன். சோதனைக்கூட வெப்பமானியில் நாற்பத்தேழு காட்டியது.

அவரே எழுந்து கருங்கல் மாதிரிகள் வைக்கும் கன்டெய்னருக்குள் போனார். "பூட்டுங்க தங்கச்சி. நான் கேட்டா தொறக்காதீங்க." பூட்டினேன்.

அக்டோபர் 17, மாலை 6.05. ரேடியோ

"எட்வின், இது தொற்று. இரத்தத்தில் பரவியிருக்கிறது. இங்கே யார் வந்தாலும் அவர் பக்கத்தில் போகக் கூடாது."

"இங்க முகாம் டாக்டர் கிட்ட சொல்லியாச்சு மேடம். தனியா வையுங்கன்னு சொல்லுகாரு. காத்து குறஞ்சா இருவதாம் தேதி ஹெலிகாப்டர் வரும். ஆங்மோ எப்படி இருக்கா?"

"கையைக் கட்டியிருக்கிறோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்."

"நீங்க ரெண்டு பேரும் கதவப் பூட்டிக்கிட்டு இருங்க. பின்ன, மேடம்... அவரு எதாவது பேசுகாரா?"

பேசுகிறார். இங்கிருந்தே கேட்கிறது. கன்டெய்னர் சுவரைத் தட்டித் தட்டி, எங்கள் பெயரைச் சொல்லி, உங்களுக்குக் குளிரவில்லையா, உங்களுக்குக் குளிரவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அக்டோபர் 18, காலை 9.30

கருவி ஓடிக்கொண்டே இருந்ததால் எல்லாம் இதில் பதிவாகியிருக்கிறது. அலறலை எழுத்தாக்கத் தெரியாமல் பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை அடித்து வைத்திருந்தது. அவற்றை அழித்துவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கன்டெய்னர் கதவின் கீல் பிய்ந்தது. அவர் வெளியே வந்தார். உடம்பில் துணி இல்லை. பனி காலடியில் சீறிக்கொண்டு உருகியது. எங்களிடம் வரவில்லை. நேராக மண்ணெண்ணெய் பீப்பாய்களுக்குப் போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து சோதனைக்கூடத்தின் மேல் ஊற்றிக் கொளுத்தினார். பிறகு அந்த நெருப்புக்குள் பாதி நுழைந்து நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"வாங்க. ரெண்டு பேரும் வாங்க. ஏன் அங்க நின்னு வெறைக்கிறீங்க?"

முடி எரிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் அதே குரல், சாப்பிட வாங்க என்று கூப்பிடுவது போல.

நாங்கள் தூங்கும் கன்டெய்னருக்கும் நெருப்பு தாவிவிட்டது. வெளியே ஓடத்தான் வேண்டியிருந்தது. நான் இடது பக்கம் ஓடினேன், ஆங்மோ வலது பக்கம். உடைந்த கையோடு அவளால் வேகமாக ஓட முடியவில்லை. அவர் அவள் சடையைப் பிடித்துவிட்டார். கோபத்தோடு பிடிக்கவில்லை. அது இன்னும் பயங்கரமாக இருந்தது. அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மூன்றாம் ஊற்றை நோக்கி இழுத்துப் போனார்.

கீழே கிடந்த பெரிய பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முதுகில் அடித்தேன். தோளில் அடித்தேன். தோள்பட்டை உடைந்து அந்தக் கை தொங்கியது. மறு கையால் இழுத்தார்.

"அடிக்காதீங்க தங்கச்சி. புள்ளைக்கு எப்படி நடுங்குது பாருங்க."

ஆங்மோ அவரிடம் தமிழில் கெஞ்சினாள். "அண்ணே, சுடுது. அண்ணே, சுடுது."

அவர் தண்ணீருக்குள் இறங்கினார். அவளையும் இறக்கினார். எண்பத்தொரு டிகிரி. மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பிராண்டினாள். பிராண்டிய விரல்களில் தோல் இல்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு அவள் கை கீழே விழுந்தது. அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். "சரியாப் போச்சு. சரியாப் போச்சு. இனி குளுராது."

பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நான் கரையில் மண்டியிட்டு அவர் எட்டும் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் தலையில் அடித்தேன். முதல் அடியில் அவர் முகத்தில் ஆச்சரியம். அதற்குப் பிறகு நான் முகத்தைப் பார்க்கவில்லை. ரெஞ்சின் பிடி வழுக்கும்வரை அடித்தேன். மண்டை ஓடு உள்ளே இறங்குவது கையில் தெரிந்தது. இரத்தம் என் வாயில் தெறித்தது. கொதிக்கிற தேநீர் போலச் சுட்டது. என் கீழுதடு அதற்கு முன்பே கிழிந்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் என் உயிரைக் காப்பாற்றியவர்.

அவரைக் கரையில் இழுத்துப் போட்டேன். ஆங்மோவை எடுக்க முடியவில்லை. பிடித்த இடமெல்லாம் கழன்று வந்தது. விட்டுவிட்டேன். மன்னித்துவிடு பெண்ணே.

அக்டோபர் 19, காலை 8.15

எஞ்சியது சமையல் கூடாரம், ரேடியோ, களத்துக்கு எடுத்துப்போகும் சின்ன மைக்ரோஸ்கோப், கம்பி வெப்பமானி.

என் உடம்பு முப்பத்தொன்பதரை. கம்பளிக்குள் நடுங்குகிறேன். உதட்டுக் காயம் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை. என்ன ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் உடல் இருக்கும் இடத்துக்குப் போனேன். இரவு முழுக்க மைனஸ் பதினைந்து. ஆனால் உடலைச் சுற்றிப் பனி உருகி வட்டமாகத் தரை தெரிகிறது. நெஞ்சில் வெப்பமானியை இறக்கினேன். நாற்பத்தாறு. செத்த உடம்பு. உள்ளே இருப்பவை சாகவில்லை.

இடது கை மட்டும் நீண்டு, பக்கத்தில் ஓடும் ஆற்றின் ஓரத்து ஐஸில் கிடந்தது. கைநெடுகக் குத்திச் சூட்டையும் அளந்து இரத்தத்தையும் பார்த்தேன். இதைச் செய்ய என்னால் எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. தோளில் நாற்பது டிகிரி: உயிரோடு நெளிகின்றன. முழங்கையில் முப்பத்தொன்று: நெளிகின்றன. மணிக்கட்டில் இருபத்துநான்கு: ஒன்றும் இல்லை. வெடித்துச் சிதறிய வெறும் கூடுகள். அந்த இரத்தத்தைச் சூடாக்கிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

இருபத்தைந்துக்குக் கீழே போனால் இது செத்துவிடுகிறது.

அண்ணனை ஆற்றுக்குள் உருட்டினேன். தண்ணீர் கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு அடங்கியது. எனக்கு ஓதத் தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "போய்ட்டு வாங்கண்ணே."

அக்டோபர் 19, நண்பகல் 12.40. ரேடியோ

"டாக்டரிடம் கேளுங்கள் எட்வின். என் உடம்பை இருபத்தைந்துக்குக் கீழே இறக்கினால் என்ன ஆகும்?"

"பக்கத்துலதான் நிக்காரு. முப்பதுலயே நினைவு போயிரும், இருபத்தஞ்சுல இதயம் நின்னுரும்னு சொல்லுகாரு."

"நின்ற இதயத்தை மறுபடி ஓட்ட முடியுமா?"

அவர் டாக்டரிடம் கேட்பது இரைச்சலுக்கிடையே கேட்கிறது.

"குளிர்ல நின்னதுன்னா முடியுமாம் மேடம். பனிச்சரிவுல புதஞ்ச ஆளுகள மெஷின் வச்சு சூடாக்கி எழுப்பியிருக்காங்களாம். ஆனா எல்லாரையும் முடியாதாம். மேடம், இது என்னத்துக்குக் கேக்குதீங்க?"

சொன்னேன். நாளை ஹெலிகாப்டர் கிளம்பியதும் நான் உறைகுளிர் ஆற்றில் இறங்குவேன். அவர்கள் வந்து சேரும்போது என் இதயம் நின்றிருக்க வேண்டும். அப்போது என்னோடு வருவது ஒரு குளிர்ந்த உடம்பு மட்டும்தான். நிற்காவிட்டால் என்னை ஏற்றக் கூடாது. தரையிறங்கவே கூடாது.

வெப்பமானியின் மெல்லிய கம்பியைத் தொண்டை வழியாக நெஞ்சுவரை இறக்கிக்கொள்கிறேன். அந்த எண்ணை இந்தக் கருவி தானாகவே ரேடியோவில் அனுப்பும். அவர்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணை மட்டும்.

"நான் கெஞ்சுவேன் எட்வின். அழுவேன். உங்கள் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கேட்பேன். நம்பாதீர்கள். எண்ணை மட்டும் நம்புங்கள். இருபத்தைந்துக்குக் கீழே வராவிட்டால் திரும்பிப் போகச் சொல்லுங்கள்."

"மேடம், எனக்க கைல இப்படி ஒரு வேலையத் தராதீங்க."

"வேறு யார் இருக்கிறார்கள்?"

"...சரி மேடம்."

அக்டோபர் 19, மாலை 5.00

நாற்பத்திரண்டு. கொதிக்கிற உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு குளிரில் சாகிறேன்.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரை அடித்து நொறுக்கினேன். ரேடியோ பேட்டரியில் ஓடும். மீதமிருந்த மண்ணெண்ணெயை ஆற்றில் கொட்டினேன். காஸ் அடுப்பைப் பள்ளத்தில் எறிந்தேன். எறிந்த பிறகு பள்ளத்தில் இறங்கி அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போது இறங்கினேன் என்று நினைவில்லை. கையில் தீப்பெட்டி இருந்தது. அதையும் நனைத்தேன்.

அணைக்க முடியாத அடுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. மூன்றாம் ஊற்று. ஆவி இங்கிருந்து தெரிகிறது.

பார்க்கக் கூடாது.

கோபுரத்தில் பாரம் தூக்கும் வின்ச் சங்கிலியைக் கணுக்காலில் சுற்றிப் பூட்டிக்கொண்டேன். மறுமுனை ஆற்றோரப் பாறையில் அடித்த இரும்பு வளையத்தில் இருக்கிறது. ஆறுவரை எட்டும். ஊற்றுவரை எட்டாது. சாவியை ஆற்றில் எறிந்துவிட்டேன். எறிந்த கையைக் கடித்தேன். நானா, அதுவா கடித்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, காலை 10.10

எட்வின்: "கிளம்பிட்டாங்க மேடம். ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க. கடவுள நெனச்சுக்கிட்டு எறங்குங்க."

நாற்பத்துநான்கு. இறங்குகிறேன்.

10.16

கத்தினேன். என் குரல் என்று தெரியவில்லை. தண்ணீர் கத்தியாக இறங்குகிறது. கழுத்துவரை. பாறையைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். நாற்பத்தொன்று.

10.27

முப்பத்தாறு. சாதாரண மனிதச் சூடு. ஒரு நிமிடம் நான் நானாக இருந்தேன். ஆங்மோவின் முகம் வந்தது. அண்ணனின் மண்டை என் கையில் இறங்கியது வந்தது. அழுதேன். நல்ல அழுகை. அது என் அழுகைதான்.

10.38

முப்பத்துநான்கு. அதற்குக் கீழே போகவில்லை. முப்பத்துநான்கு. முப்பத்தைந்து. ஏறுகிறது. என்னைச் சுற்றி ஐஸ் உருகுகிறது.

"எட்வின். எட்வின், தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். இது வேலைக்கு ஆகாது. சங்கிலியை வெட்ட ஆள் அனுப்புங்கள். வெட்டி ஊற்றுப் பக்கம் விட்டால் போதும்."

"நம்பர் முப்பத்தஞ்சு மேடம்."

"நம்பரைப் பார்க்காதே. நான் பேசுகிறேன். இசக்கி பேசுகிறேன்."

"நீங்கதான மேடம் சொன்னீங்க, நம்பாதேன்னு."

"உன் பிள்ளைகள் நல்லா இருப்பாங்களாடா? ஒரு பொம்பளையை ஐஸில் கட்டிப்போட்டுச் சாகடிக்கிறவன் பிள்ளைகள் நல்லா இருக்குமா?"

அழுகிறான். எனக்குக் கேட்கிறது. ஆனால் மைக்கை விடவில்லை.

"திட்டுங்க மேடம். நல்லாத் திட்டுங்க. நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கேன்."

10.

குதிகால் எலும்பைக் கல்லால் உடைத்தால் பாதம் சுருங்கும். சங்கிலிக்குள்ளிருந்து நழுவும். ஏழு அடியில் உடைந்தது. சதையும் கொஞ்சம் போனது. இவ்வளவு நேரம் இது எனக்குத் தோன்றவே இல்லை. வலி இல்லை. வலியெல்லாம் குளிரில்தான் இருந்தது.

கம்பியைத் தொண்டையிலிருந்து உருவினேன். முனையை உள்ளங்கைக்குள் மூடி ஆற்றில் பிடித்திருக்கிறேன். எண் ஒரேயடியாக விழுந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். விரலை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

முப்பத்துமூன்று.

முப்பத்தொன்று.

"மேடம், எறங்குது! முப்பத்தொண்ணு. கேக்குதா மேடம்?"

ரேடியோவில் பேசக் கூடாது. முப்பதில் நினைவு போய்விட வேண்டும்.

இருபத்தெட்டு.

"மேடம். இசக்கி மேடம். ஒரு வார்த்த."

இருபத்தாறு. இருபத்துநான்கு. கம்பியைக் கல்லில் கட்டித் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

"...போயிட்டாங்க சார். இருபத்திநாலு. எறங்கச் சொல்லுங்க. சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க சார், அவங்கள எழுப்பணும்."

நல்ல பையன்.

ஊற்றுவரை தவழ்ந்து வந்துவிட்டேன். ஆங்மோ இங்கேதான் இருக்கிறாள். கழுத்துவரை தண்ணீர். ஆவி நல்ல திரையாக நிற்கிறது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சுகம் அனுபவித்ததில்லை. இதை ஒருத்தி மட்டும் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான்கு பேர். சின்னப் பையன்கள்.

பாவம், எவ்வளவு குளிரில் வருகிறார்கள்.